பெரியதைப் பிடித்தால் சிறியதே மிஞ்சும்

"சிறிய மீனை விட்டுவிடு, பெரியதைப் பிடி" என்பது மீன்பிடித் தொழிலில் நெடுங்காலமாக வழங்கிவரும் நியாயம். குஞ்சுகள் வளர்ந்து இனம் பெருக இடங்கொடுத்தால் கடல் வளம் குன்றாது என்பது இதன் கருத்து. பல நாடுகள் வலைக்கண்ணின் அளவைச் சட்டத்தால் விதித்திருப்பதும் இதனை ஒட்டியே. ஆனால், விரல் நீளமேயான மீன் ஒன்று இந்த நியாயத்திலும் ஒரு குறை உண்டெனக் காட்டிவிட்டது.

அதன் பெயர் அத்திலாந்திக் சில்வர்சைட். வட அமெரிக்காவின் கீழ்க்கரையோரக் கடலிலும் உவர்நீர்க் களப்புகளிலும் கூட்டங் கூட்டமாகத் திரிவது. நாலைந்து அங்குல உடலின் இரு பக்கங்களிலும் வெள்ளிச் சரிகை போன்று ஒரு கோடு ஓடும். பெரிய மீன்களுக்கும் கடற்பறவைகளுக்கும் இதுவே இரை. இளவேனிற் காலத்தில், அமாவாசை பூரணை நாட்களை ஒட்டிக் கடல் பெருகும் பகல் வேளைகளில், கரையோரப் புற்களின் அடித்தண்டுகளில் முட்டையிடும். பெரும்பாலானவற்றின் ஆயுள் ஓராண்டே.

இம்மீனிடத்து ஒரு விந்தையும் உண்டு. குளிர்ந்த நீரில் வளரும் குஞ்சுகளிற் பெண் மிகுதி. வெப்ப நீரில் வளர்வனவற்றில் ஆண் மிகுதி. 1981ஆம் ஆண்டில் கொனோவர், கைனாட் என்னும் இருவர் இதனை வெளியிட்டனர். பருவத்தின் தொடக்கத்திற் பிறக்கும் பெண்களுக்கு வளர்வதற்கு நீண்ட காலம் கிடைக்கிறது. உடல் பெருத்தால் முட்டையும் பெருகுமன்றோ?

பின்னர் கொனோவரும் மன்ச் என்பவரும் நியூயோர்க் மாநிலத்திலுள்ள ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இம்மீன்களை ஆறு கூட்டங்களாக வளர்த்தனர். ஒவ்வொரு சந்ததியிலும் நூற்றுக்கு 90 மீன்களை அகற்றினர். இரண்டு கூட்டங்களிற் பெரியனவற்றையும், இரண்டிற் சிறியனவற்றையும், எஞ்சிய இரண்டிற் கைக்கு வந்தனவற்றையும் எடுத்தனர். நான்கே சந்ததிகளில், பெரியன அகற்றப்பட்ட கூட்டத்து மீனின் சராசரி நிறை, சிறியன அகற்றப்பட்ட கூட்டத்து மீனின் நிறையில் ஏறத்தாழப் பாதியாயிற்று. 2002ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று.

காரணம் யாது? விரைந்து வளர்பவை முதலில் அகப்படுகின்றன. மெல்ல வளர்பவை தப்பித் தம்மைப் போன்ற குஞ்சுகளையே ஈன்றன. ஆகவே குறை உணவில் அன்று, பரம்பரையில் இருந்தது.

இவ்வாறு அகற்றுவதை நிறுத்திய பின் மீன்கள் மீண்டும் பெருக்கத் தொடங்கின. ஆயினும் அது மெல்லவே நிகழ்ந்தது. முழுமையாக மீளப் பன்னிரண்டு சந்ததிகள் வரை செல்லலாமென 2009ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். ஓராண்டு வாழும் மீனுக்கே இந்நிலையாயின், பல ஆண்டுகள் கழித்து முட்டையிடும் பெருமீன்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

தொட்டியிற் கண்டதெல்லாம் கடலிலும் அவ்வண்ணமே நிகழும் எனக் கூறல் தகாது. குஞ்சுகளைப் பிடிக்கலாமென்பதும் இதன் பொருளன்று. குஞ்சுகளோடு மிகப் பெரியனவற்றுட் சிலவற்றையும் விட்டுவைத்தல் வேண்டும். கடலிற் சில இடங்களில் வலையே வீசாதிருத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

உழவன் முற்றிய நல்ல நெல்லையே விதைக்கு வைப்பான், பதரை வைப்பதில்லை. வயலில் நாம் அறிந்த இவ்வுண்மையைக் கடலில் மறந்துவிடலாமா?