கோடு போடுவது யார்?



நாம் குடியிருக்கும் லயத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்பதுண்டு. ஆங்கிலத்தில் லைன் என்றால் கோடு, வரிசை. காம்பராக்களை வரிசையாகக் கட்டி லைன் என்றார்கள். நம் வாயில் அது லயன் ஆகி, லயம் ஆயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. தாய் தகப்பனும் வயசுக்கு வந்த பிள்ளைகளும் கிழவன் கிழவியும் எப்படிப் படுத்தெழும்புவார்கள் என்று யோசித்துப் போட்ட அளவா அது? விடியற்காலையில் பிரட்டுக்கு எத்தனை பேர் வந்து நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துப் போட்ட அளவு.

வீட்டுக்கும் தெருவுக்கும் ஊருக்கும் கோடு போடுகிறவரின் மனதில் மனிதரைப் பற்றி ஓர் எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்துக்குள்தான் நாம் குடியிருக்கிறோம். தத்துவம் என்பது படித்தவர் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று ஒதுங்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

1689இல் வெளிவந்த ஒரு நூலில் ஜோன் லொக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி சொன்னார்: நிலத்தில் எவர் தம் உழைப்பைக் கலக்கிறாரோ, அந்த நிலம் அவருக்குச் சொந்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு: பயிரிடாமல் கிடக்கும் நிலத்தில் எவருக்கும் உரிமையில்லை. கடல் கடந்து போன வெள்ளைக்காரர் இந்த மறுபக்கத்தைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டமும் அதே மாதிரித்தான்: காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலம் அரசுக்கே உரியது என்று கொள்ளப்படும் என்றது. தோட்டங்களுக்கு அப்படித்தான் காணி கிடைத்தது. லொக்கின் நியாயத்தை நேர்மையாகப் பிடித்திருந்தால், காடு வெட்டி, கான் வெட்டி, கோப்பியும் தேயிலையும் நட்ட நம் பாட்டன் பாட்டிக்கல்லவா அந்த மண் சொந்தமாகியிருக்க வேண்டும்? கிடைத்தது ஒரு காம்பரா. அதுவும் தோட்டத்தில் பேர் இருக்கும்வரைதான். 1948இல் பிரஜாவுரிமையும் பறிபோனது.

இது நமக்கு மட்டும் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் 26 வரும்போதெல்லாம் அம்பாறைக் கரையை நினைக்கிறோம். 2004இல் ஆழிப்பேரலை அடித்தபோது இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அந்த ஊர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒரு பெரிய வீதி. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மீன்பிடி, வியாபாரம், மருதமுனையின் கைத்தறி எல்லாம் அந்த ஒடுங்கிய பட்டிக்குள்தான்.

பிணங்களைப் புதைத்து முடிப்பதற்குள் கொழும்பிலிருந்து ஒரு கோடு வந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது. வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். உயிரைக் காக்கத்தான் இந்தக் கோடு என்றார்கள். உயிரைக் காப்பது சரிதான். ஆனால் கல்முனையில் 200 மீற்றர் விட்டால் மிச்சம் எங்கே இருக்கிறது? பின்னால் இருப்பது நெல்வயல். அதை நிரப்பினால் சோறும் போகும், மழை வெள்ளம் வடிய வழியும் போகும். நிரப்பச் சட்டமும் லேசில் இடம் கொடாது. தோணி கரையிலும் மீனவன் பல மைல் தள்ளியும் இருந்தால் தொழில் எப்படி நடக்கும்? இதே மாவட்டத்தின் அறுகம்பேயில் உல்லாசப் பயணத்துறைக்குப் பெரிய திட்டம் ஒன்று வரைந்தார்கள். கடல் எங்களுக்கு மட்டும் ஆபத்தா, ஹோட்டலுக்கு ஆபத்தில்லையா என்று மீனவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. எதிர்ப்பு வலுத்த பிறகு 200 மீற்றர் விதி தளர்ந்து, இடத்துக்கு இடம் வேறான தூரமாகக் குறைந்தது. ஒரு வருசத்துக்குக் கிட்ட சனம் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் காய்ந்த பிறகுதான் அது நடந்தது.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. கிழக்குக் கரையில் முஸ்லிம்களானாலும் தமிழர்களானாலும் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் ஒதுங்கி, அடுத்த மகளுக்குக் கட்டத் தொடங்குவார்கள். வளவுகள் துண்டு துண்டானதற்கு இதுவும் ஒரு காரணம். சீதனச் சுமையால் ஏழை வீடுகள் படும் பாடு வேறு கதை. ஆனாலும் தலைக்கு மேல் இருக்கும் கூரை அந்தப் பெண்ணின் பேரில் இருந்தது. ஆழிப்பேரலைக்குப் பிறகு வந்த படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம். அதில் ஆணின் பேர்தான் ஏறியது. தாய்வழி வந்த வீட்டைக் கடலுக்குக் கொடுத்த எத்தனையோ பெண்களுக்குப் புதுவீடு கணவன் பேரில் வந்தது. குடும்பம் என்றால் ஆண்தான் தலை என்பது ஓர் எண்ணம், அவ்வளவுதான். அது ஒரு படிவத்தின் கட்டத்துக்குள் புகுந்து, தலைமுறை தலைமுறையாய் இருந்த உரிமையை எடுத்துவிட்டது.

மூன்றாவது, அக்கரைப்பற்று நுரைச்சோலை. பாதிக்கப்பட்டவர்களுக்கென்று சவூதி அரேபியாவின் உதவியில் அங்கே 500 வீடுகள் எழுந்தன. எந்த இனத்துக்கு எத்தனை வீடு என்ற வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. கட்டிய வீடுகள் ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடந்தன. கல்முனையிலும் எல்லைக் கோடுகள் அயலவர்களைப் பிரித்து வைத்திருக்கின்றன. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்கு முழு அதிகாரம் கேட்டு 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தார்கள். சாய்ந்தமருதுக்கு நகர சபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, சில நாளிலேயே நிறுத்தப்பட்டது. இரு பக்கத்தின் தேவையும் உண்மையானது. சனங்களை ஒன்றாய் உட்கார வைத்துப் பேசாமல் மேலிருந்து கோடு போட்டால், அயலவர் அடித்துக்கொள்வதுதான் மிச்சம்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, அதுவும் பழையது. பட்ரிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்து நகரத் திட்டவியலாளர் நூறு வருசத்துக்கு முன் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றை நடந்து பார்த்தார். 1921இல் கொழும்புக்கும் திட்டம் தந்தார். நெருக்கமான தெருக்களை அடியோடு இடிக்க நினைத்த பொறியியலாளர்களோடு அவர் ஒத்துப்போகவில்லை. முதலில் தெருத்தெருவாகப் பார், நோயைக் கண்டுபிடி, பிறகு தேவையான இடத்தில் மட்டும் கத்தி வை என்பது அவர் முறை. கல்முனையில் படிவம் அச்சடிக்கும் முன் யாராவது இப்படி நடந்து பார்த்திருந்தால், வீடு யாருடையது என்று முதல் வளவிலேயே தெரிந்திருக்கும்.

இப்போது நம் விசயத்துக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போவதற்குத்தான் இடம் கொடுக்கப்படவில்லை. கடல் கோடும் மலைக் கோடும் இந்த இடத்தில் ஒன்றுதான். எழும்பு என்று சொல்வது சுலபம். எங்கே போய் இருப்பது என்பதற்குப் பதில் வேண்டும். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபைப் பணம் வராமல் மறித்துக் கிடந்தது. பல வருசம் கேட்டுக் கேட்டு, 2018இல் அதைத் திருத்த வைத்தோம். கோடு கல்லில் செதுக்கியது இல்லை என்பதற்கு அது சாட்சி.

7 பேர்ச், 10 பேர்ச் என்று தனிவீட்டுத் திட்டங்கள் வருகின்றன. வரவேற்கிறோம். ஆனால் அடிக்கல் நாட்டு விழாவுக்கு மாலையோடு போகும் முன் நான்கு கேள்விகளைக் கேட்போம். இடத்தைத் தெரிந்தவர் யார். மண் சரியாத இடமென்று பார்த்தார்களா? காணி உறுதி கையில் எப்போது வரும்? உறுதியில் யார் பேர். கொழுந்தெடுத்து வீட்டைத் தாங்கும் பெண்ணின் பேர் இருக்கிறதா? பாதை, தண்ணீர், பாடசாலை, தபால் வர ஒரு முகவரி, இவை வரைபடத்தில் இருக்கின்றனவா?

ஒவ்வொரு டிவிசனிலும் மாதர் சங்கமும் தோட்டக் கமிட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தம் டிவிசனின் படத்தைத் தாமே ஒரு தாளில் வரையட்டும். வெள்ளம் எங்கே வருகிறது, எந்தக் கரை வெடித்திருக்கிறது, பிள்ளைகள் எந்தக் குறுக்குவழியில் நடக்கிறார்கள், எந்த இடத்தில் வீடு கட்டலாம் என்று குறியுங்கள். பாடசாலைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; குறுக்குவழிகள் அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். அதிகாரி வரைபடத்தோடு வரும்போது நம் கையிலும் ஒரு வரைபடம் இருக்கட்டும்.