"எந்த நெட்வொர்க் பெஸ்ட்?" என்று கேட்பதை முதல்ல நிறுத்துங்க (நீண்ட இழை)

1/
மாற்றல் ஆர்டர் கைக்கு வந்ததும் நம்ம ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி வீட்டு வாடகை இல்லை, பிள்ளைக்கு ஸ்கூலும் இல்லை. "டாக்டர், மணப்பாட்டுல எந்த நெட்வொர்க் பெஸ்ட்?"

நர்ஸ், டீச்சர், உடன்குடி அனல்மின் நிலைய வேலைக்கு வந்தவர், குலசேகரன்பட்டினம் ராக்கெட் தள வேலைக்கு வந்தவர், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பெண் என்று ஆள் மாறும். கேள்வி மாறாது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இந்த இழை.

2/
பெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று கிடையாது.

உங்க படுக்கையறையில் இருந்து ராத்திரி 2 மணிக்குக் கால் போகிற நெட்வொர்க் என்று ஒன்றுதான் இருக்கு. அது ஊருக்கு ஊர் இல்லை, தெருவுக்குத் தெரு மாறும். இந்த ஒரு உண்மையை மறைச்சுத்தான் கிரிக்கெட் மேட்சுக்கு நடுவுல அத்தனை விளம்பரமும் ஓடுது.

3/
"இதுல டாக்டருக்கு என்ன வேலை?" என்று கேட்பீங்க.

108-ஐக் கூப்பிட போன் வேணும். உங்க ரத்தப் பரிசோதனையில் கோளாறு தெரிஞ்சா நாங்க உங்களைக் கூப்பிட போன் வேணும். காசநோய் மாத்திரையை நிறுத்திட்டீங்களா என்று விசாரிக்க, அடுத்த தடுப்பூசித் தேதியை ஞாபகப்படுத்த, எல்லாத்துக்கும் அந்த 10 இலக்க எண்தான். அரசு மருத்துவமனையில் உங்க கேஸ் ஷீட்டில் இருக்கும் மொபைல் எண் வெறும் விவரம் இல்லை. அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதி.

4/
நான் பார்த்த ஒரு கேஸ். 34 வாரக் கர்ப்பிணி. திருப்பூரில் இருந்து பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவங்க. ரத்தம் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. ரிசல்ட்டில் ஹீமோகுளோபின் 6.8. ஏழுக்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை, உடனே அட்மிஷன் போடணும்.

பதிவில் இருந்த எண்ணுக்கு அடித்தால் "உபயோகத்தில் இல்லை". புது ஊருக்கு வந்ததும் சிம் இலவசம் என்று யாரோ கொடுத்திருக்காங்க, பழைய சிம்மைக் கழற்றிப் போட்டாச்சு. கிராம சுகாதாரச் செவிலியர் தெருத் தெருவா விசாரிச்சுக் கண்டுபிடிக்க 5 நாள் ஆச்சு.

5/
ரத்தம் ஏற்றினோம், தாயும் பிள்ளையும் நலம். ஆனா அந்த 5 நாளில் வலி எடுத்திருந்தா? பிரசவத்தில் எல்லாருக்கும் போகிற சாதாரண ரத்தப்போக்கைக்கூட அந்த உடம்பு தாங்கியிருக்காது.

அதனால என் முதல் வாதம் இதுதான்: கம்பெனியை எத்தனை தடவை வேணும்னாலும் மாத்துங்க. எண்ணை மட்டும் மாத்தாதீங்க.

6/
எண்ணை மாத்த வேண்டிய அவசியமே இன்னைக்கு இல்லை. எண்ணை வைத்துக்கொண்டு கம்பெனியை மாற்றும் வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரி 20-ல். வேறு மாநிலத்துக்குப் போனாலும் அதே எண் என்பது 2015 ஜூலையில் வந்தது. பத்து வருஷம் தாண்டியாச்சு. இன்னும் "புது ஊரு, புது சிம்" என்று சொல்கிற கடைக்காரர் உங்க நன்மைக்குச் சொல்லலை, அவருக்குக் கிடைக்கும் கமிஷனுக்குச் சொல்றார்.

7/
முறை ரொம்ப எளிது. போர்ட் என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, உங்க எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. ஒரு குறியீடு வரும், 4 நாள் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கிட்டு புது கம்பெனி கடைக்குப் போங்க. ஒரே வட்டத்துக்குள் 3 வேலை நாள், வெளிமாநிலம் என்றால் 5.

கவனிக்க: இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிஞ்சிருக்கணும். போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. ரீசார்ஜ் மிச்சம் கூட வராது, அதனால பேக் முடியும் நேரத்தில் மாத்துங்க.

8/
"கம்பெனி பெருசு, நமக்கு என்ன?" என்று இருந்துடாதீங்க. ஏர்செல் ஞாபகம் இருக்கா? 1999-ல் தமிழ்நாட்டில் ஆரம்பிச்ச கம்பெனி. நம்ம ஊர் அண்ணாச்சி கடை போர்டெல்லாம் அதோட பேர்தான் இருந்தது. 2018 பிப்ரவரியில் சிக்னல் போச்சு, மாதக் கடைசியில் திவால் மனு. மக்கள் கடை வாசலில் க்யூவில் நின்னாங்க.

போர்ட் பண்ணினவங்க எண் பிழைச்சது. "பாத்துக்கலாம்" என்று இருந்தவங்களுக்கு எண்ணும் போச்சு.

9/
கைவிட்ட எண் சும்மா கிடக்காது. இணைப்புத் துண்டிச்சு 90 நாள் கழிச்சு அதை வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம். உங்க பேங்க் ஓடிபி, ஆதார் ஓடிபி, உங்க ஹெச்ஐவி ரிசல்ட்டுக்காக நாங்க பண்ணும் போன், எல்லாம் முன்பின் தெரியாத ஒருத்தர் கைக்குப் போகும். கடைசியா சொன்னதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

10/
சரி, எந்தக் கம்பெனி? இதுக்குப் பதில் சொல்ல மூணு கோஷ்டி ரெடியா இருக்கும். "5ஜி அன்லிமிடெட்" கோஷ்டி. "இருக்கறதுலயே மலிவு" கோஷ்டி. "நாட்டுக்காக பிஎஸ்என்எல்" கோஷ்டி. மூணு பேரும் உங்க வீட்டுக்குள்ள வந்து பார்த்தது கிடையாது.

11/
5ஜி கோஷ்டிக்கு: 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வேகம் அதிகம், தூரம் கம்மி, சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள்தான் தூரம் போகும், சுவருக்குள் நுழையும்.

மணப்பாட்டின் பழைய பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீங்க. அந்தச் சுவர் கனத்துக்கு உள்ளே தெருவில் வந்த 5ஜி வேகம் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை.

12/
இன்னொன்று, நம்ம ஊர் அமைப்பு. உள்நாட்டுக் கிராமத்துக்கு நாலு பக்கமும் பக்கத்து ஊர் டவர் இருக்கும், ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும். மணப்பாடு கடலுக்குள் மூக்கை நீட்டிக்கிட்டு நிற்கிற ஊர். கடல் பக்கம் டவர் கிடையாது. திருச்சிலுவை ஆலய மேட்டில் நின்னா சிக்னல் ஜோரா இருக்கும். கீழே இறங்கி சந்துக்குள் வந்தா கதை வேற. மேட்டில் நின்னு பார்த்துட்டு சிம் வாங்காதீங்க.

13/
கோட்டை நம்பாதீங்க. மேலே தெரியும் நாலு கோடு டவரின் பலத்தைக் காட்டும், டவரில் உங்களுக்கு இடம் இருக்கான்னு காட்டாது. செப்டம்பர் 14 மகிமைப் பெருவிழா அன்றும், குலசை தசரா அன்றும் முழுக் கோடு இருக்கும், கால் போகாது. பஸ் வந்து நிற்குது, ஆனா படிக்கட்டு வரை ஆள் தொங்குது. அதே கதைதான்.

14/
மலிவு கோஷ்டிக்கு: உங்க கோபம் நியாயம். 2024 ஜூலையில் மூணு தனியார் கம்பெனியும் சேர்ந்தாற்போல விலை ஏத்தினாங்க. ஜியோவின் 239 ரூபாய் பேக் 299 ஆச்சு. வலை இழுத்துப் பிழைக்கிற வீட்டில் நாலு போன் என்றால் அது அரிசிக் காசு.

ஆனா டேட்டாவே வேண்டாத பாட்டிக்கும் டேட்டா பேக் போட்டுத் தராதீங்க. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் வைத்தே ஆகணும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் உத்தரவு போட்டாச்சு. கடையில் அவங்களா சொல்ல மாட்டாங்க. நீங்க கேட்கணும்.

15/
பாட்டி கையில் இருப்பது பழைய 2ஜி பட்டன் போன் என்றால் இன்னொரு விஷயம். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம் அந்த போனில் வேலை செய்யாது. பேரன் ஆசையா போர்ட் பண்ணிக் கொடுத்து, பாட்டி மூணு நாள் போன் இல்லாம உட்கார்ந்திருந்த கதையை ஓபியில் கேட்டிருக்கேன். சர்க்கரை நோயாளி, தனியா இருக்கிறவங்க.

16/
பிஎஸ்என்எல் கோஷ்டிக்கு: அரசு ஊழியனாச் சொல்றேன், பொதுத்துறை பிழைக்கணும். அந்த 2024 ஜூலையில் மட்டும் சுமார் 29 லட்சம் பேர் பிஎஸ்என்எல்லில் சேர்ந்தாங்க. ஆனா உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜியை நாடு முழுக்கத் தொடங்கி வைத்தது 2025 செப்டம்பர் 27-ல். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல அந்த மக்கள் என்ன பாடு பட்டாங்க? தேசபக்தி மட்டும் இருந்தா ஆம்புலன்ஸுக்குக் கால் போகாது. உங்க வீட்டில் எடுக்குதா, தாராளமா வாங்குங்க. எடுக்கலையா, யாருக்காகவும் வாங்காதீங்க.

17/
அப்போ எப்படித் தேர்ந்தெடுப்பது? காசு செலவில்லை, ஒரு நாள் போதும்.

பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் வெவ்வேறு கம்பெனி போன் வைத்திருப்பாங்க. அக்கா, அண்ணாச்சி என்று கேட்டால் தருவாங்க. அதை எடுத்துட்டு உங்க வீட்டுக்குள் வந்து, கட்டில் பக்கத்தில் நின்னு, கதவைச் சாத்தி ஒரு கால் பண்ணுங்க. சாயங்காலம் 8 மணிக்கு, எல்லாரும் வீடியோ பார்க்கிற நேரத்தில், இன்னொரு கால். கம்பெனிகள் தங்கள் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் போடணும் என்பது 2024 ட்ராய் விதி. அதையும் பாருங்க. ஆனா வரைபடத்துக்கு உங்க சுவர் தெரியாது.

18/
அதோட ஒரு கேள்வி கேளுங்க: "2023 டிசம்பர் வெள்ளத்துல எது வேலை செஞ்சுது?"

டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பேர் மாட்டிக்கிட்டாங்க. கரண்ட் போனது, பின்னாடியே டவரும் போனது. நல்ல நாளில் எல்லா நெட்வொர்க்கும் நல்ல நெட்வொர்க்தான். கெட்ட நாளில் எது நின்றது என்பது அக்கம்பக்கத்தாருக்குத்தான் தெரியும்.

19/
"நான் ரெண்டு சிம் வச்சிருக்கேன் டாக்டர்" என்பவர்களுக்கு: நல்லது. ஆனா ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் ஒரே டவரில் ஆன்டெனா மாட்டியிருப்பது சர்வ சாதாரணம். டவர் வேற கம்பெனிக்குச் சொந்தம், இவங்க வாடகைக்கு இருக்காங்க. அந்த ஒரு டவர் பேட்டரி தீர்ந்தா ரெண்டு சிம்மும் சேர்ந்து சாகும். ரெண்டாவது சிம் வேற கம்பெனியா இருந்தா மட்டும் பத்தாது, வேற டவரா இருக்கணும்.

20/
இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்க: உங்க சிம்முக்கு சிக்னல் இல்லை, ஆனா திரையில் அவசர அழைப்பு மட்டும் என்று காட்டுது என்றால், 112-ஐ அடிங்க. உங்க கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் அங்கே எட்டுகிற வேற கம்பெனி டவர் வழியா அது போகும். மொபைல் தரத்திலேயே 112-க்கு அந்த ஏற்பாடு இருக்கு. 108-க்கு அந்த உத்தரவாதம் இல்லை. எடுத்ததும் ஊர், தெரு, ஆம்புலன்ஸ் வேணும், இந்த மூணையும் சொல்லுங்க.

21/
இப்போ என் உண்மையான கோபத்துக்கு வர்றேன். அவசரத்துக்கு ஒரு கால் போகணும் என்பதற்காக ஒரு மீனவக் குடும்பம் ஏன் இத்தனை ஆராய்ச்சி பண்ணணும்?

112-க்கு மத்தவங்க டவர் திறக்குது என்றால், திறக்க முடியும் என்றுதானே அர்த்தம்? 2025 ஜனவரியில் மத்திய அரசே செய்து காட்டியது. அரசு நிதியில் கட்டிய சுமார் 27,000 டவர்களில் பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ மூணு வாடிக்கையாளர்களும் ஒரே டவரைப் பயன்படுத்தலாம். புயல் நேரத்திலும் இப்படித் தற்காலிகமாத் திறந்துவிடுறாங்க.

22/
புயல் வந்த பிறகு திறப்பது எதுக்கு? கடலோரக் கிராமங்களில் 108-க்கும் அரசு மருத்துவமனை எண்களுக்கும் எந்த சிம்மில் இருந்தும் எந்த டவர் வழியாவும் கால் போகணும், 365 நாளும். டவருக்கு எத்தனை மணி நேர பேட்டரி இருக்கு என்பதை ஊர் வாரியா வெளியிடணும்.

2017 ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்தவங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரலை. குறைந்தபட்சம் கரையில் இருக்கிறவங்களுக்காவது போய்ச் சேரட்டுமே.

23/
"கம்பெனி காசு போட்டுக் கட்டின டவரை எப்படி இலவசமாத் திறக்கச் சொல்வீங்க?" நியாயமான கேள்வி. இலவசமா வேண்டாம். கணக்கு வைத்து ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கட்டும், பாக்கியை அரசு கொடுக்கட்டும். அலைவரிசை நாட்டுச் சொத்து, அதைக் கம்பெனிகள் உரிமம் வாங்கித்தான் பயன்படுத்துறாங்க. உரிமத்தில் உயிருக்கும் ஒரு ஷரத்து இருக்கட்டும்.

மணப்பாட்டில் இருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் ராக்கெட் ஏவுதளம் வருது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாச்சு. வானத்துக்கு வழி போடும் நாட்டுக்கு, ஒரு சந்தில் இருந்து ஆம்புலன்ஸுக்குக் கால் போக வழி போடத் தெரியாதா?

24/
அது நடக்கும் வரை உங்க கையில் இருப்பது நாலு விஷயம்.

ஒன்று, எண்ணை விடாதீங்க, போர்ட் பண்ணுங்க.
ரெண்டு, கட்டில் பக்கத்தில் கால் போகிற கம்பெனியை எடுங்க.
மூணு, முடிஞ்சா வேற டவரில் ரெண்டாவது சிம்.
நாலு, எண் மாறியே தீரும் என்றால் பேங்குக்குச் சொல்லும் முன்னாடி உங்க கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்க. பிக்மி பதிவிலும் மருத்துவமனை சீட்டிலும் மாத்தச் சொல்லுங்க.

வீட்டில் கர்ப்பிணியோ, சர்க்கரை, பிரஷர், காசநோய்க்கு மருந்து எடுப்பவரோ இருந்தால், அவங்க சீட்டை எடுத்து அதில் எழுதியிருக்கும் எண்ணுக்கு இப்பவே ஒரு ரிங் விட்டுப் பாருங்க. யார் எடுக்கிறாங்கன்னு பாருங்க.