விற்பனையாளருக்குச் சொந்தக் கனவு வேண்டும்

தம்பானூரில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. நாகர்கோவில், திருநெல்வேலி பக்கமிருந்து காலையில் வந்து இறங்குவோரில் விற்பனைப் பிரதிநிதிகள் பலர். மருந்து, மசாலா, ஜவுளி என்று ஏதாவது ஒரு சரக்கின் சாம்பிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கும் ஆஸ்பத்திரி வாசல்களுக்கும் நடக்கின்றனர்.

இவர்களை ஓட வைப்பது எது? மாத இலக்கு என்பார்கள். ஆனால், இலக்கு கம்பெனியின் கனவு. மாதக் கடைசியில் அதை எட்டினாலும் மறுநாள் கணக்கு பூஜ்யத்தில் தொடங்குகிறது. பத்துக் கடைகளில் 'வேண்டாம்' என்று கேட்டவரைப் பதினோராவது கடையின் படியேற வைக்க, சொந்தக் கனவு ஒன்று வேண்டும்.

அமெரிக்க எழுத்தாளர் ஆர்தர் மில்லர் எழுதி, 1949ல் அரங்கேறிய 'ஒரு விற்பனையாளனின் மரணம்' நாடகத்தில் வரும் வில்லி லோமன், வேறொரு முதிய விற்பனையாளரின் பெருமையைப் பார்த்து அத்தொழிலுக்கு வந்தவன். இரவல் கனவிலேயே வாழ்ந்து, அதிலேயே அழிந்தான். கையால் வீட்டைச் செப்பனிடும் வேலையில்தான் அவனுக்கு உண்மையான மகிழ்ச்சி இருந்தது. அதை அவன் பெரிதாக நினைக்கவே இல்லை.

இதற்கு மாறான உதாரணம் நம் கண்ணெதிரே நிற்கிறது. தம்பானூர் பஸ் நிலையத்தருகே லாரி பேக்கர் கட்டிய வட்டக் கட்டடத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. காபி போர்டு தன் காபிக் கடைகளை 1950களில் மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ.கே.கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். கேரளத்தில் அவர்களது முதல் கடை 1958ல் திருச்சூரில் திறந்தது. விற்றது அதே காபிதான். ஆனால், கடை இப்போது தங்களுடையது என்ற எண்ணம் அவர்களை நிலைநிறுத்தியது.

கனவு என்றால் மாட மாளிகை அல்ல. மகளின் நர்சிங் படிப்பு, ஊரில் நாலு சென்ட் நிலம், சொந்தமாக ஒரு ஏஜென்சி, எதுவானாலும் சரி. அதற்கு ஆகும் தொகையையும், முடிக்க வேண்டிய ஆண்டையும் எழுதி வையுங்கள். கமிஷன் வரும்போதெல்லாம் ஒரு பங்கை அதற்கென்றே ஒதுக்குங்கள். வீட்டாரும் அறிந்திருக்கட்டும். பத்தாண்டுக் கனவு உள்ளவர், மாதக் கடைசியில் கடைக்காரர் தலையில் வேண்டாத சரக்கைக் கட்டமாட்டார். அந்தக் கடைக்காரரின் நம்பிக்கைதான் தம் முதல் என்பது அவருக்குத் தெரியும்.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்து விற்பனைப் பிரதிநிதிகளுக்கு நியமனக் கடிதமும் விடுப்பும் தரவேண்டும் என்று 1976ல் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. கூட்டம் போட்டுக் 'கனவு காணுங்கள்' என்று சொல்வோர், பயணப்படியைக் காலத்தில் கொடுக்கட்டும். கனவு சம்பளத்துக்கு ஈடாகாது. வயிறு நிறைந்தவனுக்கே நாளையைப் பற்றி எண்ணத் தெம்பு வரும்.