திறந்த பெட்டியும் மூடிய கணக்கும்

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், கடுகண்ணாவை ஏற்றத்தின் நடுவே எங்கள் வான் நின்றுவிட்டது. கண்டியில் உறவினர் ஒருவரின் அந்தியேட்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். இயந்திரம் உறுமியது, சில்லுகள் அசைய மறுத்தன. கருகிய எண்ணெய் மணம் உள்ளே பரவியபோது மனைவி பிள்ளைகளை இறக்கிக்கொண்டு வீதியோரம் நின்றார். பின்னால் வந்த பேருந்துக்காரர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இரண்டு நாட்களின் பின், கொழும்பில் பெயர் போன கராஜ் ஒன்றில் கிடைத்த தீர்ப்பு இது: "ஐயா, பெட்டி முழுக்கப் போயிட்டுது. வேற பெட்டி மாத்தத்தான் வேணும்." தொகை 3 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா. எதனால் போனது என்று கேட்டேன். "ஓட்டோ கியர் எண்டா அப்பிடித்தான் ஐயா" என்றார். மதிப்பீட்டை எழுதித் தரும்படி கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

"ஓட்டோ கியர் எண்டா அப்பிடித்தான்" என்பது இந்த நாட்டில் பழமொழியாகவே ஆகிவிட்டது. அது ஒரு பொய். தானியங்கி கியர் பெட்டி என்பது மந்திரப் பெட்டியல்ல. அதற்குள் எண்ணெய் அழுத்தத்தால் இறுகியும் தளர்ந்தும் வேலை செய்யும் கிளட்ச் தட்டுகள் உள்ளன. எண்ணெய் குறைந்தால் பம்பி காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் விழும், தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் கருகும். ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போதுதான் இது முதலில் வெளிப்படும். எங்கள் வானுக்கு நேர்ந்ததும் இதுவே.

இதை எனக்கு விளக்கியவர் வத்தளைப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்றில் வேலை செய்யும் முதிய மெக்கானிக் ஒருவர். அவர் பெட்டியைக் கழற்றவில்லை. முதலில் எண்ணெயை வடித்து வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டினார். பிறகு அடித்தட்டைக் கழற்றி, அதிலிருந்த காந்தத்தைக் கையில் தந்தார். நுண்ணிய சாம்பல் நிறச் சேறு வழமையான தேய்மானம். உலோகத் துண்டுகள் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்றார். துண்டுகள் இல்லை. எண்ணெய் குளிராக்கிக்குப் போகும் குழாய் ஒன்று வெடித்து, மாதக்கணக்காக எண்ணெய் கசிந்திருக்கிறது. குழாய், வடிகட்டி, அந்த வண்டிக்கே உரிய எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 62 ஆயிரம் ரூபா. "தட்டு கொஞ்சம் கருகித்தான் இருக்கும் ஐயா, எவ்வளவு காலம் ஓடும் எண்டு நான் உறுதி சொல்லமாட்டன்" என்றும் சொன்னார். அந்த நேர்மைக்காகவே இன்னும் ஆயிரம் ரூபா கொடுத்தேன். வான் இன்றும் ஓடுகிறது.

என் கதை நல்லபடியாக முடிந்தது. எங்கள் ஒழுங்கையில் பாடசாலை வான் ஓட்டுபவரின் கதை அப்படி முடியவில்லை. அவருக்கும் அதே தீர்ப்பு வேறொரு கராஜில் வழங்கப்பட்டது. மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து, ஜப்பானில் கழற்றியது என்று சொல்லப்பட்ட பெட்டியை மாற்றினார். நான்கு மாதங்களில் அதுவும் வழுக்கத் தொடங்கியது. பற்றுச்சீட்டு இல்லை. உத்தரவாதக் கடிதம் இல்லை. பழைய பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, "இரும்புக்குப் போட்டாச்சு" என்று பதில் வந்ததாம். அது உண்மையில் பழுதானதா, துடைத்து வேறொருவரின் வானில் பொருத்தப்பட்டதா என்பதை இனி எவர் சொல்வது?

இந்த இடத்தில் கராஜ்காரர்களின் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் இருபது, இருபத்தைந்து வயதான வான்களே நாட்டைச் சுமந்தன. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், சில வாரங்களிலேயே 350 ரூபாவைத் தாண்டியது. பெறுமதிசேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் ஒன்றின் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றிருந்த நாட்களை நாம் மறக்கவில்லை. இவை அனைத்தும் உண்மை. ஆனால் டொலரின் ஏற்றம் விலை கூடியதற்கு மட்டுமே காரணமாகும். மதிப்பீட்டை எழுதித் தராததற்கும், பழைய பாகத்தைக் காட்டாததற்கும் டொலர் எப்படிக் காரணமாகும்?

மேல்நாடுகளிலும் கியர் பெட்டிகள் பழுதாகின்றன. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1989இல் தன் மினிவான்களுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டிலான புதிய நான்கு வேகப் பெட்டியைக் கொண்டுவந்தது. அதற்கென்று தனி எண்ணெய் வேண்டும். வேறு எண்ணெயும் ஊற்றலாம் என்ற குழப்பமான அறிவுறுத்தலால் ஏராளமான பெட்டிகள் பழுதாயின. 2004இல் ஹொண்டா நிறுவனம் ஒடிசி மினிவான்கள் உள்ளிட்ட ஏறத்தாழ 11 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. இரண்டாம் கியரில் வெப்பம் தேங்கி, பற்சக்கரம் உடையக்கூடும் என்பதே காரணம். பரிசோதித்துத் தேவையானவற்றுக்குப் பெட்டியையே மாற்றினார்கள், செலவு நிறுவனத்தினுடையது. அங்குள்ள நிறுவனங்கள் தர்மவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முறைப்பாடுகள் எழுத்தில் குவிந்தன. அவற்றைத் தொகுக்க ஓர் அரச அமைப்பு இருந்தது. வழக்காட மக்கள் தயாராக இருந்தனர். ஆகவே நிறுவனங்கள் பணிந்தன.

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறனோடும் அதனைச் செய்ய வேண்டும் என்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு எவரும் தொலைபேசியில் முறையிடலாம். ஆனால் முறைப்பாட்டுக்குச் சான்று வேண்டும். பற்றுச்சீட்டே இல்லாதவரிடம் என்ன சான்று இருக்கும்? அரிசி மூட்டையின் விலைக்குப் பாயும் அதிகாரிகள், ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பை ஒரே பிற்பகலில் விழுங்கும் கராஜ்களின் வாசலை மிதித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம்மிலும் பிழை இருக்கிறது. அதை மறைத்து எழுதுவது பத்திரிகைக்காரனுக்கு அழகல்ல. இயந்திர எண்ணெயைத் தவறாமல் மாற்றிய நான், கியர் எண்ணெயின் அளவுக்கோலை எட்டு ஆண்டுகளில் ஒரு தடவையாவது உருவிப் பார்த்ததில்லை. தரையில் விழுந்த சிவந்த துளிகளைக் கண்டும் காணாதவன் போல் இருந்தேன். "வாழ்நாள் எண்ணெய், மாற்றத் தேவையில்லை" என்று விற்பனையாளர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்வோர் பலர். யாருடைய வாழ்நாள் என்று அவர்கள் கேட்பதில்லை. எண்ணெயின் வாழ்நாள் முடியும்போதே பெட்டியின் வாழ்நாளும் முடிந்துவிடுகிறது. இதைவிட மோசமான பழக்கம், கிடைத்த எண்ணெயை ஊற்றுவது. பட்டியில் இயங்கும் புதிய வகைப் பெட்டிகளுக்கும் பழைய வகைப் பெட்டிகளுக்கும் எண்ணெய் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே பீப்பாவிலிருந்து ஊற்றும் இடத்தைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அரசிடம் நான் கேட்பது அதிகமல்ல. பெட்டியைத் திறக்குமுன் எழுத்து மூல மதிப்பீடு கட்டாயமாக்கப்பட வேண்டும். மாற்றப்பட்ட பாகத்தை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாவித்த பெட்டியை விற்பவர், அது எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதையும் எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும் கையொப்பமிட்டுத் தர வேண்டும். மொரட்டுவையில் உள்ள இலங்கை – ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் போன்றவற்றில் முறையாகப் பயின்று வெளியேறும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இத்தகைய விதிகளால் அவர்களுக்கு நட்டமில்லை. வத்தளை முதியவருக்கும் நட்டமில்லை. அவர் கேட்காமலே இவற்றில் பாதியைச் செய்தவர். நட்டம் சிரித்தவருக்கு மட்டுமே.

சட்டம் வரும்வரை வாசகர்கள் ஒன்றைச் செய்யலாம். கராஜ் வாசலில் திறப்பைக் கொடுக்குமுன் ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனையையும் நீட்டுங்கள். எழுத மறுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கட்டியிழுக்கும் செலவு போனாலும் போகட்டும்.

எங்கள் ஒழுங்கைக்காரர் இப்போது இன்னொருவரின் வானைக் கூலிக்கு ஓட்டுகிறார். அவருடைய வான் வீட்டு முற்றத்தில் படங்கு போர்த்தியபடி நிற்கிறது. தாலிக்கொடி இன்னும் அடகில்தான் இருக்கிறது.