ஒரே ஊசியில் மூலம் குணமாம்!

யாழ்ப்பாணத்தில் வருத்தங்களுக்கும் சாதி உண்டு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உயர்குலத்தவை. கலியாண வீட்டுப் பந்தியிலும் தேர்த்திருவிழாக் கூட்டத்திலும் அவற்றைப் பற்றி உரத்துப் பேசலாம். 'எனக்குச் சீனி இருநூறைத் தாண்டிவிட்டது' என்று சற்றுப் பெருமையோடு கூடச் சொல்லலாம். மூலவருத்தம் அப்படியானதன்று. அது கொல்லைப்புறத்தால் வந்து கொல்லைப்புறத்தால் போகவேண்டிய வருத்தம். மனைவிக்குத் தெரியாமல் கணவனும், பிள்ளைகளுக்குத் தெரியாமல் தாயும் அதை ஆண்டுக்கணக்காகச் சுமக்கிறார்கள். இந்த மறைப்பை முதலாகப் போட்டு ஒரு வியாபாரம் நடக்கிறது. அதைப் பற்றியே இன்று எழுதுகிறேன்.

'மூலம், பவுத்திரம், ஆசனவாய் வெடிப்பு. கத்தியின்றி, இரத்தமின்றி, ஒரே ஊசியில் பூரண குணம்.' இந்த வகை அறிவித்தலைக் காணாத யாழ்ப்பாணத்தவர் எவரும் இருக்கமாட்டார். பேருந்து நிலையச் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டப்பட்ட துண்டுகளில் அது இருந்தது. பத்திரிகைகளின் உட்பக்கங்களில், மரண அறிவித்தல்களுக்கும் மணமகள் தேவைக்கும் நடுவே, பெட்டி கட்டி வந்தது. இப்போது முகநூலிலும் வந்து சேர்ந்துவிட்டது. பெயர் இருக்கும், தொலைபேசி எண் இருக்கும், 'இரகசியம் பேணப்படும்' என்ற உறுதிமொழியும் இருக்கும். மருத்துவப் பதிவு எண் மட்டும் இராது.

இதில் பத்திரிகைகளின் பங்கு பெரிது. நான் என் வாழ்நாளில் பாதியைப் பத்திரிகை அலுவலகங்களில் கழித்தவன். அவற்றுள் ஒன்றில், இத்தகைய விளம்பரமொன்றைச் சுட்டிக்காட்டி, 'இவர் பதிவு பெற்ற வைத்தியரா என்று யாராவது கேட்டீர்களா?' என்று விளம்பரப் பகுதியினரிடம் வினவினேன். 'விளம்பரங்களின் உள்ளடக்கத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று அடியில் போடுகிறோமே, ஐயா' என்றார்கள். முன்பக்கத்தில் மக்கள் நலன் குறித்து ஆசிரியத் தலையங்கம். ஏழாம் பக்கத்தில் அதே மக்களை அறுக்க வருபவருக்கு இடம். இடையில் ஒற்றை வரி மறுப்பு. ஒரு வாடகை வீட்டு விளம்பரத்துக்கே அடையாள அட்டை எண் கேட்கும் நிறுவனம், உடலில் ஊசி குத்துபவரிடம் ஒன்றும் கேளாமற் காசு வாங்கியது.

'ஒரே ஊசி' ஒன்றும் நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. 1869இல் டப்ளின் நகரில் மோர்கன் என்ற வைத்தியர் மூலத்தினுள் இரும்புச் சேர்மம் ஒன்றை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். 1871இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் மிற்செல் என்பவர் காபோலிக் அமிலத்தை ஒலிவ் எண்ணெயிற் கலந்து செலுத்தும் முறையைத் தொடங்கினார். அதை அவர் மருத்துவ ஏட்டில் எழுதவில்லை. இரகசியமாகப் பிறருக்கு விற்றார். வாங்கியவர்கள் ஊர் ஊராகப் போய் ஊசி போட்டுக் காசு பார்த்தார்கள். சிக்காகோவின் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் அன்ட்ரூஸ் அந்த இரகசியத்தை அறிந்து, 3,300க்கு மேற்பட்ட நோயாளரின் விபரங்களைத் திரட்டி 1879இல் வெளியிட்டார். குணமானவர்களும் இருந்தார்கள், இறந்தவர்களும் இருந்தார்கள். இரகசியம் அன்றோடு உடைந்தது. எவ்வளவு மருந்து, எந்த இடத்தில், எவருக்கு என்பதெல்லாம் பின்னர் ஒழுங்குபடுத்தப்பட்டு, பாதாம் எண்ணெயிற் கரைத்த பீனோல் ஊசி மருத்துவமனைகளுக்குள் வந்தது. ஆக, ஊசி பொய்யன்று. தேர்ந்த வைத்தியர் முதலாம், இரண்டாம் படி மூலத்துக்கு அதை இன்றும் போடுகிறார். பொய் எதுவென்றால், மருந்தின் பெயரைச் சொல்லாத இரகசியமும், 'ஒரே' என்ற சொல்லும். ஊசி சில மில்லிமீற்றர் தவறினால் முன்னால் இருப்பது ஆண்களின் புரஸ்தச் சுரப்பி. சீழ் கட்டுதல், சிறுநீர் அடைத்தல், ஆண்மைக் குறைவு எல்லாம் அந்தத் தவறின் விளைவுகள். அவற்றோடு ஆசுப்பத்திரிக்குப் போகிறவர், முதலில் எங்கே போனேன் என்பதையும் வெட்கத்தால் மறைத்துவிடுகிறார். ஊசி போட்டவர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

மூலம் என்பது என்ன என்பதைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. மலவாயின் உட்புறத்தில் எல்லா மனிதருக்கும் இரத்தக் குழாய்களாலான மெத்தைகள் உண்டு. வாயுவையும் நீரையும் கசியவிடாது அடைத்துவைப்பது அவற்றின் வேலை. முக்கி முக்கி மலங்கழிப்பதாலும், கருப்பத்தின் பாரத்தாலும், வயதாலும் அவை வீங்கிக் கீழிறங்கும்போது நாம் அதை மூலம் என்கிறோம். உட்புற மெத்தைகளில் வலி உணரும் நரம்பு இல்லை; ஆகவே உள்மூலம் வலியின்றி, செக்கச்சிவந்த இரத்தமாகவே தன்னைக் காட்டும். வெளியே தள்ளிவந்து தானாக உள்ளே போவது இரண்டாம் படி, விரலால் தள்ளவேண்டியது மூன்றாம் படி, தள்ளியும் போகாதது நான்காம் படி. யூகி வைத்திய சிந்தாமணி இந்நோயை 21 வகையாகப் பிரித்தது. யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ மரபைச் சேர்ந்த பரராசசேகரமும் மூலரோகத்துக்கு இடம் ஒதுக்கியது. நம் முன்னோருக்கு இதைப் பற்றிப் பேச வெட்கம் இருக்கவில்லை. வெட்கம் நம்முடைய சேர்க்கை.

முதற் சிகிச்சை அடுக்களையில் இருக்கிறது. நார்ச்சத்துச் சேர்த்துக்கொண்டவர்களையும் சேர்க்காதவர்களையும் ஒப்பிட்ட ஏழு ஆய்வுகளை, 378 நோயாளரை, கொக்ரேன் குழுவினர் 2005இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நார்ச்சத்து எடுத்தவர்களில் இரத்தக் கசிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எந்த விளம்பரக்காரரும் இதைச் சொல்லமாட்டார். முருங்கையிலைக்கு முகவர் இல்லை. குரக்கன் பிட்டும் தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறும் கீரைக்கறியும் ஒடியற்கூழும் உண்ட மண் இது. இன்று காலையிற் பாண், இரவிற் கோதுமை மாப் பிட்டு, இடையில் கடைக் கொத்து. இசப்கோல் உமியைத் தண்ணீரிற் கரைத்துக் குடிப்பதும் நல்லதே. ஆனால் தண்ணீர் போதாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் மலம் மேலும் இறுகும்.

மிளகாய்த்தூளுக்காகவும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் கறியின் உறைப்புத்தான் மூலத்துக்குக் காரணம் என்பது பரவலான தீர்ப்பு. இத்தாலியில் 50 நோயாளருக்கு மிளகாய்த்தூளையும் வெறுந்தூளையும் மாற்றிமாற்றிக் கொடுத்துப் பார்த்து, மூல நோயின் அறிகுறிகளில் வேறுபாடு காணவில்லை என்று 2006இல் எழுதினார்கள். ஆசனவாய் வெடிப்பு உள்ளவருக்கு உறைப்பு எரிச்சலைக் கூட்டும். அது வேறு கதை. உண்மையான குற்றவாளியைத் தேடுவோர் மலசலகூடத்துக்குள் கைபேசியோடு போகிறவர்களைப் பிடிக்கலாம். 2025இல் பொஸ்ரனில் 125 பேரிடம் நடத்திய ஆய்வில், அவ்வாறு போகிறவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. காரணம் கைபேசியன்று, அதைப் பார்த்தபடி எழும்ப மறந்து குந்தியிருப்பது.

உணவால் அடங்காத இரத்தத்துக்கும், தள்ளிவரும் மூலத்துக்கும் றப்பர் பட்டி போடலாம். 1963இல் அமெரிக்கரான பறோன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பரவலாக்கிய முறை அது. சிறு கருவியால் மூலத்தின் அடியைப் பிடித்து இறுக்கமான றப்பர் வளையம் ஒன்றை மாட்டிவிடுவார்கள். இரத்தவோட்டம் நின்று, ஐந்து தொடக்கம் பத்து நாளில் அது சுருங்கி விழுந்துவிடும். மயக்கமருந்து வேண்டாம், சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். ஆனால் அஸ்பிரின், வோர்பரின், குளோபிடோகிரெல் போன்றவை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். பட்டி போட்ட பின் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றிரவே ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டும். அரிது, ஆனால் உயிராபத்து.

பட்டியும் ஒரேயடியாகக் குணமாக்குவதில்லை என்பதை மறைக்கவேண்டியதில்லை. பிரித்தானியாவில் நடந்து 2016இல் லான்செற்றில் வெளியான ஆய்வில், ஒருமுறை பட்டி போட்டவர்களில் 49 சதவீதமானோருக்கு ஓராண்டுக்குள் தொல்லை திரும்பியது. தேவைப்பட்டோருக்கு மீண்டும் போட்டபோது அது 37 சதவீதமளவுக்கு இறங்கியது. அதிக செலவுபிடிக்கும், குழாய்களைத் தேடிக் கட்டும் சத்திரசிகிச்சையும் அதைவிடப் பெரிதாகச் சாதிக்கவில்லை. அதே ஆண்டு அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு, இயந்திரத்தால் தைக்கும் புதிய முறையைவிட, வெட்டி அகற்றும் பழைய முறையே இரண்டாண்டுக் கணக்கில் நோயாளருக்கு நல்லதென்றது. அந்தப் பழைய முறையை லண்டன் சென் மார்க்ஸ் வைத்தியசாலையின் மில்லிகனும் மோர்கனும் 1937இல் எழுதிவைத்தார்கள். முற்றிய மூலத்துக்கு அதுவே நம்பகமானது. இரண்டு மூன்று கிழமை நன்றாக நோகும் என்பதும் உண்மை. உலகத்தின் தேர்ந்த கைகளே இவ்வளவு தயக்கத்தோடு பேசும்போது, மின்கம்பத்துத் துண்டு மட்டும் 'பூரண குணம்' என்கிறது.

பதிவு பெற்ற சித்த வைத்தியர்களை நான் இந்தக் கூட்டத்திற் சேர்க்கவில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியர்களுக்குப் பதிவு வைத்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984இல் தொடங்கிய சித்த மருத்துவக் கற்கைநெறியிற் படித்துப் பட்டம் பெற்றவர்கள் கைதடியில் இருக்கிறார்கள். காரநூல் கட்டும் பழைய முறை பவுத்திரத்துக்கு உதவுகிறது என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பல மையங்களில் சோதித்து 1991இல் ஒப்புக்கொண்டது. பிரச்சினை சித்தமா ஆங்கில மருத்துவமா என்பதன்று. பதிவேட்டில் பெயருள்ளவரா, கேட்டால் மருந்தின் பெயர் சொல்வாரா என்பதே.

இவையெல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேறொன்று. சிவந்த இரத்தம் எல்லாம் மூலமன்று. பெருங்குடல், மலக்குடற் புற்றுநோயும் அதே இரத்தத்தோடுதான் தொடங்குகிறது. இலங்கையில் முன்வரிசையிலுள்ள புற்றுநோய்களுள் அதுவும் ஒன்று. கழித்த பின்னும் கழிக்கவேண்டும் போன்ற உணர்வு, மலத்தோடு சளி, வழக்கமான போக்கில் மாற்றம், காரணமின்றி மெலிதல், இரத்தச்சோகை ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும், அல்லது நாற்பதைத் தாண்டியவருக்கு இரத்தம் புதிதாகப் போனாலும், விரலாற் சோதிக்கவேண்டும்; தேவையென்றால் பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கவேண்டும். இரகசிய ஊசிக்காரர் இதைச் செய்வதில்லை. அவருக்கு வருவதெல்லாம் மூலம். ஆறுமாதம் அவரிடம் போய்வந்தவருடைய கட்டி அந்த ஆறுமாதமும் வளர்கிறது. தெற்குமுனைத் தெய்வேந்திரத்திலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நாடு முழுவதும் நடந்து காசு சேர்த்துத் தெல்லிப்பளையிற் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டது. அதன் வாசலுக்குக் காலந்தாழ்த்தி வருபவர்களை அந்த நடை காப்பாற்றாது.

வெட்கத்துக்கு முழுப் பழியையும் நோயாளர் மேற் போடுவது நியாயமன்று. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். ஆனால் வெளிநோயாளர் பிரிவின் மேசைக்குப் பின்னால் வரிசையின் அடுத்த பத்துப்பேரும் காது கொடுத்து நிற்க, ஐம்பது வயதுப் பெண் 'கழிக்கும்போது இரத்தம் போகிறது' என்று எப்படிச் சொல்வாள்? 'வயிற்றுக் கோளாறு' என்று சொல்லிவிட்டு அன்ரசிட் குளிசையோடு வீடு திரும்புகிறாள். 1995 ஒக்ரோபரில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோதும், பின்னர் முகாம்களிலும், இருட்டும் வரை அடக்கிவைத்திருந்த பெண்களின் தலைமுறை இது. பிள்ளைப் பேற்றுக்குப் பின் பத்தியமென்று கீரையையும் தண்ணீரையும் மறித்த வீடுகளும் உண்டு. அவர்களிடம் போய் வெட்கப்படாதே என்று உபதேசிப்பதைவிட, மேசையைச் சுற்றி ஒரு திரையைத் தொங்கவிடலாம். பெண் நோயாளரைச் சோதிக்கும்போது பெண் தாதியொருவர் அருகில் நிற்கலாம்.

மொழியும் ஒரு திரைதான், ஆனால் தவறான இடத்திற் தொங்குவது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மானிப்பாயில் இருந்துகொண்டு நம்மவர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். துறூயிற் என்பவரின் ஆங்கிலச் சத்திரசிகிச்சைக் கைந்நூல் அவர் முயற்சியால் 1867இல் 'இரண வைத்தியம்' என்று தமிழில் வந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அறுப்பதையும் கட்டுவதையும் தமிழில் விளக்க முடிந்த ஊரில், இன்று நோயாளர் கையில் ஆங்கிலத்திற் கிறுக்கிய சீட்டு ஒன்று இருக்கிறது. பட்டி என்றால் என்ன, எப்போது விழும், எதற்குப் பயப்படவேண்டும் என்று தமிழில் இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் அச்சிட என்ன செலவாகும்? ஊசிக்காரரின் துண்டு மட்டும் நல்ல தமிழில் இருக்கிறது.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் சொல்ல உண்டு. இங்கிலாந்தில் 50 தொடக்கம் 74 வயது வரையானோருக்கு இரண்டாண்டுக்கொரு முறை மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைச் சோதிக்கும் பொதி தபாலில் வீடு தேடி வருகிறது. ஒன்ராரியோவிலும் அதே வயதினருக்கு அச்சோதனை உண்டு. மகன் அங்கே தன் பொதியை நிரப்பி அனுப்புகிறான். சாவகச்சேரியிலிருக்கும் தாய் இரத்தம் போகிறதென்று தயங்கித் தயங்கித் தொலைபேசியிற் சொன்னால், ஒரு பூசு களிம்பு வாங்கி ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடுகிறான். வசதியுள்ளவன் கொழும்பிலோ சென்னையிலோ லேசர் செய்யக் காசு அனுப்புகிறான். ஸ்ரீரொயிட் கலந்த களிம்பை ஒரு கிழமைக்கு மேற் பூசினால் தோல் மெலியும். தாய்க்கு முதலில் தேவைப்படுவது ஒரு பரிசோதனை. களிம்புக்கு முன்னும், லேசருக்கு முன்னும். அதற்கு யாழ். போதனா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அவரை ஒருவர் கூட்டிக்கொண்டு போகவேண்டும். முச்சக்கர வண்டிக் காசை அனுப்பினாற் போதும்.

பத்திரிகை முதலாளிகளிடம் நான் கேட்பது சிறிய காரியம். வைத்திய விளம்பரம் கொண்டுவருபவரிடம் இலங்கை மருத்துவ சபையினதோ ஆயுர்வேத மருத்துவ சபையினதோ பதிவு எண்ணைக் கேளுங்கள். அதை விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். எண் இல்லாதவருடைய காசைத் திருப்பிக் கொடுங்கள். ஏழாம் பக்கத்தில் ஒரு பெட்டி காலியாகும். அந்த இடத்தில் போதனா வைத்தியசாலைக் கிளினிக் நடைபெறும் நாளையும் நேரத்தையும் போடலாம்.