ஆராய்ச்சி டேட்டாவை எங்கே சேமிப்பது? கூகுள் டிரைவ் ஏன் போதாது? - எளிய விளக்கம்

2020 ஜனவரி 11. சீனாவின் வூஹான் நகரில் பரவிய மர்மக் காய்ச்சலுக்குக் காரணமான வைரஸின் மரபணு வரிசை இணையத்தில் வெளியானது. பேராசிரியர் ஜாங் யோங்ஜென் குழு கண்டறிந்த அந்த வரிசையை, ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் எட்வர்ட் ஹோம்ஸ் பகிர்ந்தார். வைரஸ் மாதிரி கைக்கு வராமலேயே, சில நாட்களில் கொரோனா தடுப்பூசி வடிவமைப்பு தொடங்கியது.

அதே டேட்டா ஒரு ஆய்வகக் கணினியிலேயே தூங்கியிருந்தால்? அதனால்தான், ஆராய்ச்சி டேட்டாவை எங்கே வைக்கிறோம் என்பது நம் எல்லோருக்குமான கேள்வி.

'கேட்டால் தருவோம்' என்றால் கிடைக்குமா?

'தேவைப்பட்டால் ஆசிரியரிடம் கேட்டுப் பெறலாம்' என்ற வரியைப் பல ஆய்வுக் கட்டுரைகளில் பார்க்கலாம். ஆனால் கேட்டால் கிடைக்கிறதா?

கனடா விஞ்ஞானிகள் தலைமையிலான குழு ஒன்று, 2 முதல் 22 ஆண்டுகள் பழமையான 516 கட்டுரைகளின் டேட்டாவைத் தேடிப் பார்த்தது. 2014-ல் வெளியான முடிவு: கட்டுரைக்கு ஒரு வயது கூடக் கூட, டேட்டா கிடைக்கும் வாய்ப்பு 17 சதவீதம் வீதம் குறைகிறது. மின்னஞ்சல் முகவரி மாறிவிடும், பழைய ஹார்டு டிஸ்க் படிக்காது. அவ்வளவுதான், டேட்டா போச்சு!

பெரிய கம்ப்யூட்டரில் வைத்தால் போதுமா?

போதாது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், பேக்அப் மென்பொருளில் ஏற்பட்ட கோளாறால் 77 டெராபைட் டேட்டா அழிந்தது. சுமார் 3.4 கோடி ஃபைல்கள் காணாமல் போயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன.

கூகுள் டிரைவும் அப்படித்தான். கணக்கை மூடினால் லிங்க் வேலை செய்யாது.

அப்போ எங்கேதான் வைப்பது?

இதற்கென்றே டேட்டா காப்பகங்கள் இருக்கின்றன. தேர்வு செய்யும் முன் 4 கேள்விகள் கேளுங்கள்.

1. என் துறைக்குத் தனிக் காப்பகம் இருக்கா? மரபணு வரிசைக்கு 'ஜென்பேங்க்', புரதக் கட்டமைப்புக்கு 1971 முதல் இயங்கும் 'புரோட்டீன் டேட்டா பேங்க்'. தேடுபவர்கள் முதலில் வருவது அங்கேதான். இந்தியாவில் உயிரியல் டேட்டாவுக்காக, ஃபரிதாபாத்தில் 2022 முதல் தேசிய மையம் இயங்குகிறது. தனிக் காப்பகம் இல்லையென்றால், செர்ன் ஆய்வு மையம் நடத்தும் 'ஜெனோடோ' இருக்கு. இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம்.

2. டிஓஐ எண் தருவாங்களா? இது டேட்டாவுக்கான நிரந்தர அடையாள எண். இணைய முகவரி மாறினாலும், இந்த எண்ணை வைத்துத் தேடலாம். மற்றவர்கள் உங்கள் டேட்டாவை மேற்கோள் காட்டவும் இதுதான் வழி.

3. யார் எடுக்கலாம்? எல்லாவற்றையும் திறந்துவிடவும் முடியாது. 2025 ஜனவரியில் வெளியான 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் 10,000 இந்தியர்களின் மரபணு டேட்டாவை, அனுமதி பெற்ற ஆய்வாளர்கள்தான் பயன்படுத்த முடியும். நோயாளி விவரம், கிராமத்தில் எடுத்த பேட்டி போன்றவற்றைப் பெயரை நீக்கிய பிறகும் யோசித்துத்தான் பகிர வேண்டும்.

4. யார் நடத்துறாங்க? நிதி நின்றால் காப்பகமும் நின்றுவிடலாம். மூடினால் டேட்டா எங்கே போகும் என்று அதன் விதிகளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கொடுத்தவருக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்வி நியாயமானது. 2007-ல் இந்தோனேசியா, பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்புவதை நிறுத்தியது. 'மாதிரி எங்களுடையது, அதிலிருந்து வரும் தடுப்பூசியை எங்களாலேயே வாங்க முடியாது' என்பதுதான் அதன் வாதம்.

அதன் பிறகு 2008-ல் வந்த 'ஜிசெய்ட்' காப்பகத்தில், பதிவு செய்தால்தான் டேட்டாவை எடுக்க முடியும்; கொடுத்தவருக்கு உரிய அங்கீகாரமும் தர வேண்டும். ஜென்பேங்கில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, யாரும் எடுக்கலாம். ஒன்றில் வேகம், இன்னொன்றில் பாதுகாப்பு. எங்கே வைப்பது என்ற முடிவுக்குள், பலன் யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது.

ஆய்வு மாணவர்கள் கவனத்துக்கு...

கட்டுரை அச்சேறும் நேரத்தில் இடம் தேடினால், ஃபைல் பெயர்கூட ஞாபகம் இருக்காது. ஆய்வு தொடங்கும்போதே காப்பகத்தை முடிவு செய்யுங்கள். எந்த ஃபைலில் என்ன இருக்கிறது, எந்த அளவு எந்த அலகில் என்று ஒரு சிறு குறிப்பும் சேர்த்து வையுங்கள். அது இல்லாத டேட்டா, திறந்து கிடந்தும் யாருக்கும் உதவாது.