சராசரிக்குள் சேரி எங்கே?

ஐ.நா. மேம்பாட்டுத் திட்டம் மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிடும்போதெல்லாம் இங்கே ஒரே விவாதம்தான். இந்தியா எத்தனையாவது இடம்? ஏறினால் ஆள்பவர்கள் மார்தட்டுகிறார்கள். இறங்கினால் அளவுகோலே தவறு என்கிறார்கள். 2025 அறிக்கையில் 193 நாடுகளில் நமக்கு 130ஆவது இடம், மதிப்பு 0.685. இலங்கைக்கு 89ஆவது இடம்.

நாங்கள் கேட்பது வேறு கேள்வி. 130ஆவது இடத்தில் இருப்பது எந்த இந்தியா?

காரைக்காலுக்குத் தெற்கே இருக்கும் பட்டினச்சேரியில் நின்று இதைக் கேட்கிறோம். சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம் என்றுதான் பொருள். புதுச்சேரி என்ற பெயரிலும் அதே சேரிதான் இருக்கிறது. ஆனால் டெல்டாவில் 'சேரிக்காரன்' என்று ஒருவர் சொன்னால் அவர் என்ன சொல்கிறார் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரே வருவாய் கிராமத்துக்குள் ஊர் என்றும் சேரி என்றும் இரண்டு நாடுகள். உலக வரைபடத்தில் மட்டும் ஒரே நாடு.

சராசரி என்ன செய்யும் என்பதற்கு எங்கள் ஒன்றியப் பிரதேசமே சாட்சி. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு துண்டுகள். மாஹே இருப்பது கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்துக்குள். 2011 கணக்கெடுப்பில் மாஹேயில் எழுத்தறிவு 97 விழுக்காட்டுக்கும் மேல். ஏனாமில் 80ஐ ஒட்டி. நான்கு துண்டுகளையும் சேர்த்து எடுத்த சராசரி 86ஐ ஒட்டி வருகிறது. அந்த எண்ணைப் பார்த்து ஏனாம் எப்படி இருக்கிறது என்று யாராவது சொல்ல முடியுமா? நான்கு துண்டுகளுக்காவது தனித்தனி எண் கிடைக்கிறது. ஊரையும் சேரியையும் சேர்த்துப் போட்ட சராசரியைப் பிரித்துக் காட்டுவது யார்?

எதை அளப்பது என்று முடிவு செய்பவர்தான் யார் பாதிக்கப்பட்டவர் என்பதையும் முடிவு செய்கிறார். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை பட்டினச்சேரியை அடித்துப் போட்டது. உயிரையும் படகையும் வலையையும் அதிகம் இழந்தவர்கள் மீனவ மக்கள். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர்களோடு எங்களுக்குப் போட்டியும் இல்லை. ஆனால் இந்தக் கரையோரத்தில் நிவாரணக் கணக்கு எப்படி எடுத்தார்கள்? இழப்பு என்றால் படகு, வலை, கரையோர வீடு. மீன் சுமந்தும், உப்பு வாரியும், உப்பேறிப்போன வயலில் கூலிக்குப் போயும் பிழைத்த தலித் குடும்பங்களிடம் படகு இல்லை. ஆகவே இழப்பும் இல்லை என்றாகிவிட்டது. நிவாரணத்தில் தலித்துகள் விடுபட்டதையும் ஒதுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன.

நாட்டின் வளர்ச்சியை அளப்பதிலும் நடப்பது இதுதான். மொத்த உற்பத்தியை மட்டும் பார்த்தால் போதாது என்றுதான் மஹ்பூப் உல் ஹக் 1990இல் மனித மேம்பாட்டு அறிக்கையைக் கொண்டுவந்தார். அமர்த்தியா சென் துணை நின்றார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தது பெரிய முன்னேற்றம். ஒன்றில் இருக்கும் பள்ளத்தை இன்னொன்றின் மேடு முழுதாக மூடிவிடக் கூடாது என்று 2010இல் கணக்கிடும் முறையையும் திருத்தினார்கள். ஏற்றத்தாழ்வுக்காகக் கழித்துப் பார்க்கும் இன்னொரு குறியீடும் அதே ஆண்டு வந்தது. அதன்படி 2025 அறிக்கையில் இந்தியாவின் மதிப்பில் 30.7 விழுக்காடு காணாமல் போகிறது. ஆனால் யாருடைய வாழ்விலிருந்து அது போனது என்பதை அந்த எண் சொல்வதில்லை.

சொல்ல முடியாது என்பதில்லை. 1993 அறிக்கை அமெரிக்காவைப் பிரித்துப் பார்த்தது. வெள்ளையர் தனி நாடாக இருந்தால் உலகில் முதலிடம், கறுப்பினத்தவர் 31ஆவது இடம் என்று எழுதியது. 1994 அறிக்கை தென்னாப்பிரிக்காவைப் பிரித்தது. வெள்ளையருக்கு 24ஆவது இடம், கறுப்பினத்தவருக்கு 123ஆவது இடம். ஒரே கொடியின் கீழ் இரண்டு நாடுகள் இருப்பதை உலகம் எண்ணில் பார்த்தது.

சாதிக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு இல்லை? 2001இல் டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு நடந்தபோது, சாதியை அங்கே பேசக் கூடாது என்று எதிர்த்தது இந்திய அரசு. பொருளாதாரத்தின் அளவில் நான்காம் இடம் என்று சொல்ல மட்டும் உலகம் வேண்டும். சாதி என்றால் அது உள்நாட்டு விவகாரம்!

பிரித்துப் பார்த்த ஒன்றிரண்டு இடங்களில் என்ன தெரிந்தது? 2021 உலகப் பல்பரிமாண வறுமை அறிக்கையின்படி பழங்குடியினரில் பாதிப் பேர் வறுமையில் இருக்கிறார்கள். பட்டியல் சாதியினரில் 33.3 விழுக்காடு, இந்த மூன்று பட்டியல்களிலும் வராத மற்றவர்களில் 15.6. பிற்படுத்தப்பட்டோரில் 27.2. இந்திய ஏழைகளில் ஆறில் ஐவர் இந்த மூன்று பிரிவினர். ஒன்பது மாநிலங்களை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுட்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைவு, பழங்குடியினருக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் குறைவு என்றது. வருமான வேறுபாட்டைக் கொண்டு மட்டும் இதை விளக்கிவிட முடியவில்லை. பணம் வந்தாலும் சாதி ஆயுளைத் தின்கிறது.

சாதிவாரியாகப் பிரித்தால் நாடு பிளவுபடும் என்பார்கள். பிளவு எண்ணில் இல்லை. குளத்தில், சுடுகாட்டில், தேர் வராத தெருவில் இருக்கிறது. அரசியலில் சமத்துவமும் வாழ்வில் அசமத்துவமும் கொண்ட முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார். அந்த முரண்பாட்டை மறைக்கும் போர்வையாகச் சராசரி இருக்க அனுமதிக்க மாட்டோம்.

தரவு இல்லை என்பதும் பொய்ச்சாக்கு. தேசியக் குடும்பநல ஆய்வு சாதியைக் கேட்டே எடுக்கப்படுகிறது. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசே அறிவித்திருக்கிறது. எண்ணினால் மட்டும் போதாது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் மாவட்டவாரியாக, சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். புதுச்சேரி அரசு காரைக்காலிலிருந்தே தொடங்கட்டும்; சிறிய மாவட்டம், கடினமான வேலை இல்லை. பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்ட நிதி எந்தத் தெருவுக்குப் போனது என்பதையும் அதே பக்கத்தில் போடட்டும்.

அதன் பிறகு நார்வேயோடு ஒப்பிடுங்கள், இலங்கையோடு ஒப்பிடுங்கள். முதலில் ஊரைச் சேரியோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.